கதவை அடைத்தவள்

முதுகலை வகுப்பில் பதினெட்டு ஆண்டுகளாகச் சிறுபாணாற்றுப்படை நடத்துகிறேன். 269 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் ஓர் இடம் வரும்போது கடைசி வரிசையில் பேசிக்கொண்டிருப்பவர்களும் நிமிர்ந்துவிடுவார்கள். நல்லியக்கோடனைப் பார்ப்பதற்கு முன் பாணனின் வீடு எப்படிக் கிடந்தது என்று சொல்லும் இடம் அது. அடுக்களையில் குட்டி போட்ட நாய் படுத்திருக்கிறது. இன்னும் கண் திறக்காத குட்டிகள் பாலுக்கு முட்டுவதைப் பசித்த தாயால் பொறுக்க முடியவில்லை, குரைக்கிறது. சுவரைக் கரையான் அரித்திருக்கிறது. காளான் பூத்திருக்கிறது. அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அறியாதவர் கண்ணில் படுவதற்கு நாணி வாசலை அடைக்கிறாள். பிறகு பெரிய சுற்றத்தோடு உட்கார்ந்து உண்கிறாள்.

“நத்தத்தனார் காட்டும் வறுமைச் சித்திரத்தை விளக்குக” என்று பத்து மதிப்பெண் கேள்வியும் தயாரித்திருக்கிறேன். உப்பில்லாத கீரைக்கு இரண்டு மதிப்பெண், நாய்க்கு இரண்டு, காளானுக்கு ஒன்று. கதவை அடைத்ததற்கும் ஒரு மதிப்பெண் உண்டு. ‘வறுமையிலும் மானம் காத்த தமிழ்ப் பெண்’ என்று மாணவிகள் எழுதுவார்கள், நானும் திருத்திவிட்டுப் போவேன். அவள் அடைத்த கதவைப் பாட்டு திறந்துவிட்டது என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றவேயில்லை. யாரும் பார்க்கக் கூடாது என்று அவள் நினைத்ததைப் புலவர் ஒரு வள்ளலின் அவைக்கு எடுத்துச் சென்றார். அங்கே அது பரிசிலுக்கான நியாயமாக நின்றது.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் தென்காசி மாவட்டத்தில் என் அம்மாவின் ஊரில் பீடி சுற்றும் பெண்கள். சொல்லிக் கொடுத்தது ஒரு விண்ணப்பப் படிவத்தை முன்னிட்டு.

நானும் பீடியில் படித்தவள்தான். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அரசு தந்த கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பம்தான் என் வாழ்க்கையில் நான் நிரப்பிய முதல் படிவம். அம்மாவின் அடையாள அட்டை எண்ணை ஒரு இலக்கம் தவறாக எழுதி, வேறு தாள் கிடைக்காமல் அழுதது நினைவிருக்கிறது. படிவம் என்றால் இன்றைக்கும் எனக்குக் கை கொஞ்சம் நடுங்கும். ஆனாலும் ஊரில் படிவம் நிரப்பத் தெரிந்தவள் நான்தான் என்று ஆகிவிட்டது.

அந்தப் பெண்கள் பதினான்கு பேர். அவர்கள் கேட்டது ஒரு கொட்டகை. வீட்டுக்குள் உட்கார்ந்து சுற்றினால் புகையிலைத் தூள் பாயில், தலையணையில், பிள்ளை பால் குடிக்கும் டம்ளரில் என்று எங்கும் படிகிறது. கரண்ட் போனால் திண்ணைக்கு வர வேண்டும், திண்ணையில் காற்றடித்தால் தூள் பறக்கிறது. வெளிச்சமும் காற்றும் உள்ள ஓர் இடம், பக்கத்தில் பிள்ளைகளைப் படுக்கவைக்க ஒரு தடுப்பு, தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான். 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், பெண்கள் கூடி வேலை செய்யும் ஆலையில் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது. வேலையை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அறையும் வேண்டாம், பொறுப்பும் வேண்டாம். உள்ளூர்ப் பீடிக் கடையில் இலையும் தூளும் வாங்கி, கட்டுகளாகத் திருப்பிக் கொடுக்கும் பெண்ணுக்கு அவள் வீடுதான் ஆலை. வாடகை தராத ஆலை.

கொட்டகை வேண்டும் என்று சொல்வது சுலபம். வேண்டும் என்பதிலிருந்து ‘திட்டம்’ என்ற ஒன்று வரைக்கும் ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்துக்கு யார் பணம் தருவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். இடம் யாருடையது என்று பார்க்கக் கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டும். அவர் இல்லாத நாளில் திரும்பி வர வேண்டும். புல எண், வரைபட நகல், வட்டாட்சியர் அலுவலகம், பேருந்து, ஜெராக்ஸ். மதிப்பீடு போட ஒரு பொறியாளர். வீடு வீடாகப் போய் யார் வருவார்கள், எந்த நேரம் வருவார்கள் என்று கேட்பது. பீடி சுற்றுகிறவர்களுக்குக் கூட்டம் போடுவது எளிது என்று வெளியாட்கள் நினைப்பார்கள். உண்மைதான், சுளகை மடியில் வைத்துக்கொண்டே பேசலாம், கை நிற்காது. ஆனால் சுளகை வைத்துக்கொண்டு பேருந்தில் போக முடியாது. தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற ஒரு நாள் என்பது சுற்றாமல் போன ஒரு நாள்.

எருமை வாங்க, தையல் மெஷின் வாங்கக் கடன் கொடுக்கும் வங்கி, யோசிப்பதற்குக் கடன் கொடுக்காது. சுய உதவிக் குழுவுக்கு வரும் சுழல் நிதி, பெயரே சொல்வதுபோல, உறுப்பினர்களுக்குள் கடனாகச் சுழல வேண்டிய பணம். அதை எடுத்துப் பேருந்துக்குக் கொடுத்தால் யார் கணக்கில் வட்டி எழுதுவது? கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு வறுமை ஒழிப்புத் திட்டம் ஒன்றைத் தயாரித்து அங்கே கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் வெறும் கோரிக்கையாகப் போனால் அது பட்டியலில் ஒரு வரி. மதிப்பீடு, இடம், பராமரிப்பு என்று எல்லாம் சேர்ந்து போனால்தான் அது திட்டம். அந்த எல்லாவற்றையும் சேர்க்கும் உழைப்பு கணக்கில் இல்லாத உழைப்பு. சமையல் மாதிரி, சாப்பாடு தட்டுக்கு வரும்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

பெருநிறுவனப் பணமும் இதில் விதிவிலக்கல்ல. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, நிகர லாபம் 5 கோடிக்கு மேலுள்ள நிறுவனங்கள், அல்லது நிகர மதிப்பு 500 கோடியையோ விற்றுமுதல் 1000 கோடியையோ தொட்டவை, மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். 1 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டங்களைப் பெரிய நிறுவனங்கள் முடித்தபின் தாக்க மதிப்பீடு செய்தே ஆக வேண்டும் என்று 2021இல் விதி வந்தது. முடிந்ததை அளக்கக் கட்டாயம் இருக்கிறது. தொடங்கும் முன் ஊரைக் கேட்கவோ, கேட்பதற்குச் செலவிடவோ அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

இந்த நிலையில் ஒரு தொண்டு நிறுவனம் ‘திட்டமிடல் நல்கை’ தருகிறது என்று சென்னையில் இருக்கும் தோழி ஒருத்தி எனக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினாள். தொகை 60,000 ரூபாய், காலம் ஆறு மாதம். நல்கை என்பது அழகான சொல். பல்கலைக்கழக நல்கைக் குழு என்று சொல்லிச் சொல்லி நாம் அதை உலர்த்திவிட்டோம். ஊரில் அதற்குப் பண்டு என்று பெயர். எங்கள் குழு பதிவு செய்யப்படாதது, எனவே பணம் பக்கத்து ஊர் அறக்கட்டளை ஒன்றின் வழியாக வந்தது. வெளிநாட்டுப் பணமாக இருந்திருந்தால் அந்த வழியும் இருந்திருக்காது. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2020இல் வந்த திருத்தம், ஓர் அமைப்பு தான் பெற்றதை இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடுத்துவிட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பையும் 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைத்தது. பெரிய அமைப்புகளின் தோளில் ஏறிச் சின்னக் குழுக்களுக்கு வந்துகொண்டிருந்த சின்னத் தொகைகள் அதோடு நின்றுபோயின. யாரும் அதற்காக ஊர்வலம் போகவில்லை. ஐம்பதாயிரம் அறுபதாயிரத்துக்கு யார் ஊர்வலம் போவார்கள்?

படிவம் பதினோரு பக்கம். அதை ஓர் இலக்கிய வகையாகப் படிக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தோன்றியது. படிக்க வேண்டும் என்றே சொல்வேன். தமிழ் படித்த நாம் கடிதத்தை, நாட்குறிப்பை, தூதை, உலாவை எல்லாம் வகையாகப் பார்க்கிறோம். ஏராளமான பெண்களின் வாழ்க்கை இன்று எழுதப்படுவது விண்ணப்பத்தில்தான், அதை மட்டும் காகிதம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அதற்கும் துறைகள் உண்டு. தேவை கூறல், தகுதி கூறல், பயன் கூறல். திட்டமிடுவதற்கான பணத்தைக் கேட்கும் படிவத்திலேயே “எதிர்பார்க்கும் விளைவுகள்”, “இறுதிப் பயனாளிகளின் எண்ணிக்கை” என்று கட்டங்கள் இருந்தன. என்ன செய்வது என்று யோசிக்கத்தான் பணம் கேட்கிறோம், செய்து முடித்தால் எத்தனை பேர் பயனடைவார்கள் என்று அது கேட்கிறது. விதைக்கும் முன் களத்துமேட்டில் படி அளக்கச் சொல்கிறது.

எண்ணிக்கையை எழுதினேன். தேவை கூறும் பகுதியில்தான் நான் என் திறமையைக் காட்டினேன். கவிதை எழுதுகிறவள் அல்லவா! ஒழுகும் கூரை, இருமும் குழந்தை, விளக்கில்லாத இரவு, பழைய சோற்றோடு ஒரு வெங்காயம். பொய் ஒன்றும் இல்லை. எல்லாம் நான் கண்ணால் கண்டவை, சில என் சிறுவயது வீட்டிலிருந்தே எடுத்தவை. நல்ல வரிகள் என்றுதான் நினைத்தேன். அனுப்புவதற்கு முதல்நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். கைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. வாசிக்க வாசிக்க ஒவ்வொன்றாக நின்றன.

வயதில் மூத்த அத்தை கேட்டாள்: “ஏ பிள்ளே, இதுல வாரது யாரு?”

“நீங்கதான் அத்தை. நம்ம ஊருதான்.”

“நாங்க இப்படியா கெடக்கோம்?”

நான் வரிவரியாக நிரூபிக்கப் பார்த்தேன். உங்கள் வீடு ஒழுகுகிறதா இல்லையா, நீங்கள் பழைய சோறு குடிக்கிறீர்களா இல்லையா. அத்தை சொன்னாள்: “குடிக்கோம். வாசல்ல வச்சா குடிக்கோம்?”

அன்று இரவுதான் கீரை வேகவைத்தவள் எனக்குப் புதிதாகத் தெரிந்தாள்.

ஆற்றுப்படையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது என்று தொல்காப்பியம் அதற்கு இலக்கணம் சொல்கிறது. உலகத்தில் எந்தப் பிச்சைப் பாட்டும் இந்த இலக்கணத்தோடு இல்லை என்றே நினைக்கிறேன். யார் கொடுப்பார், எந்த வழியாகப் போனால் எங்கே சோறு கிடைக்கும் என்ற தகவலைப் போட்டியாளனுக்கு ஒருவன் தானே வலியச் சொல்கிறான். இன்றைக்கு அது நடக்காது. நல்கை பெற்ற அமைப்பு இன்னோர் அமைப்புக்குப் படிவத்தின் நகலைக்கூடக் காட்டாது. எனக்குக் கிடைத்த தகவல் ஆங்கிலம் தெரிந்த தோழி இருந்ததால் கிடைத்தது. அந்தத் தோழி கிடைத்தது ஒரு கருத்தரங்கில், கருத்தரங்குக்குப் போனது முனைவர் பட்டத்தால். திண்ணையில் இருக்கும் அத்தைக்கு வழியில் எதிர்ப்படும் பாணன் யாரும் இல்லை.

ஆனால் அதே இலக்கியத்தில் பெண் எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள். பொருநராற்றுப்படை பாடினியைக் கூந்தலிலிருந்து பாதம்வரை வர்ணிக்கிறது. சிறுபாணாற்றுப்படையும் விறலியரை அப்படியே உறுப்பு உறுப்பாகப் பார்க்கிறது. கதவை அடைத்த அந்தப் பெண்ணைச் சொல்லும்போதுகூடப் பசியால் ஒடுங்கிய அவள் இடையும் வளையணிந்த கையும் சொல்லப்பட்டுவிடுகின்றன. வழி சொல்கிறவனும் ஆண், கேட்கிறவனும் ஆண், கொடுப்பவனும் ஆண். அவள் இணைப்பு. நம் காலத்துப் படிவத்தில் அந்த இடத்துக்குப் புகைப்படம் என்று பெயர்: “பயனாளிகளின் உயர்தெளிவுப் படங்கள் ஐந்து.” விறலியை ஆற்றுப்படுத்தும் துறை உண்டு. ஔவையாரே புறநானூற்றில் அந்தத் துறையில் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். ஆனால் பத்துப்பாட்டின் ஐந்து ஆற்றுப்படைகளில் விறலிக்கென்று ஒன்று இல்லை.

தேவைப் பகுதியைத் திரும்ப எழுதினோம். இந்த முறை அவர்கள் சொல்ல நான் எழுதினேன். “தூள் பறக்காத இடம் வேண்டும். என்ன மாதிரி இடம் என்று நாங்களே போய்க் கேட்டுப் பார்க்க ஆறு மாதம் வேண்டும்.” அவ்வளவுதான். கூரை இல்லை, இருமல் இல்லை. கிடைக்காது என்று நினைத்தேன், கிடைத்தது. என் நல்ல வரிகள் இல்லாமலேயே கிடைத்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. நல்கை தருகிறவர்கள் எல்லாம் கண்ணீரை எதிர்பார்க்கிறார்கள் என்பது பாதி நம் கற்பனை. கேட்கும் கலையைக் கற்றவர்கள் தாமாகக் கட்டிக்கொண்ட மரபு அது.

வரவுசெலவில்தான் சிக்கல். பொறியாளர் மதிப்பீட்டுக்கு 20,000, பயணத்துக்கு 14,000, பயிற்சிக்கு 12,000, அறக்கட்டளையின் நிர்வாகத்துக்கு 6,000, கணக்கெடுப்புக்கு 6,000, தேநீருக்கு 2,000. பெண்கள் செலவிடும் நாளுக்குக் கூலி என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அதை அடித்துவிட்டார்கள். கூலி தந்தால் ‘தன்னார்வம்’ கெட்டுவிடுமாம். சரி என்று விட்டால் அடுத்த பக்கத்தில் ‘சமூகப் பங்களிப்பு’ என்று ஒரு கட்டம். பெண்கள் எத்தனை மணி நேரம் செலவிடுவார்கள், அதன் மதிப்பு ரூபாயில் எவ்வளவு என்று நிரப்ப வேண்டும். அவர்கள் நேரத்துக்கு விலை உண்டு என்று படிவத்துக்குத் தெரிகிறது. அந்த விலையை அவர்கள் கொடுத்ததாக எழுதலாம், வாங்க மட்டும் கூடாது. பொறியாளரின் ஒரு நாளுக்கு மட்டும் ரசீது உண்டு.

பார்க்க ஒரு பெண் வந்தார், நிறுவனத்திலிருந்து. இருபத்தைந்து வயதிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார், சுளகை வாங்கி நாலு பீடி சுற்றிப் பார்த்துச் சிரித்தார். நாலும் கழிவு. அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பார்க்காமலே பரிசிலைக் கொடுத்தனுப்பிய அதியமானிடம், நான் வணிகனல்ல என்று கோபித்துப் பெருஞ்சித்திரனார் அதை மறுத்த பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. தினையளவு கொடுத்தாலும் போதும், தகுதி அறிந்து கொடுக்க வேண்டும் என்பார். இந்தப் பெண் பார்த்தார். ஆனால் பார்த்ததை எழுத அவர் கையிலிருந்த தாளில் இடமில்லை.

ஆறு மாதத்தில் 83 வீடுகளுக்குப் போனார்கள். கேள்விகளை அவர்களே வைத்துக்கொண்டார்கள். எங்கே உட்கார்ந்து சுற்றுகிறாய், எப்போது, பிள்ளையை யார் பார்க்கிறார்கள், கொட்டகை வந்தால் வருவாயா. நாலாவது நாளே ஒரு சிக்கல் வந்தது. வருவேன் என்றவர்களைவிட முடியாது என்றவர்கள் அதிகம். அடுப்பில் உலை வைத்துவிட்டு இடையில் சுற்றுகிறவள், படுக்கையில் கிடக்கும் மாமியாரை வைத்துக்கொண்டு சுற்றுகிறவள், இராத்திரி எல்லோரும் படுத்தபின் சுற்றுகிறவள், இவர்கள் எங்கே கொட்டகைக்கு வருவது? “வீட்டவிட்டு வெளிய போய் வேலை பாத்தா வீட்டு வேலைய எவ பாப்பா?” என்று ஒருத்தி கேட்டது எங்கள் திட்டத்தின்மேல் ஒரு வாளித் தண்ணீர்.

இன்னொன்றும் வந்தது. கேட்காத கேள்விக்கு எல்லா வீட்டிலும் ஒரே பதில். இலை பத்தவில்லை. கடையில் எடை போட்டுத் தரும் இலையில் சொன்ன கணக்குக்குப் பீடி வருவதில்லை. பாதி இலை ஓட்டை, காய்ந்தது, கிழிசல். குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வெளியே வாங்கிச் சுற்றிக் கொடுக்கிறார்கள். கொடுத்த கட்டில் கழிவு என்று ஒதுக்குவது தனி. இது அவர்களுக்குத் தெரியாததல்ல. என் அம்மாவும் வாங்கியிருக்கிறாள். ஆனால் அவரவர் தன் கைதான் இலையை வீணாக்குகிறது என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 83 வீட்டு நோட்டையும் திண்ணையில் விரித்துப் பார்த்த அன்று யாரும் பேசவில்லை. அதற்கப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

கொட்டகை வேண்டாம் என்று முடிவானது. ஓர் எலக்ட்ரானிக் தராசு, ஒரு பொது நோட்டு. கடையில் வாங்கும் இலையை வீட்டுக்குப் போகுமுன் ஓரிடத்தில் எடை போட்டு, நல்ல இலை எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று தேதியோடு எழுதுவது. மூன்று மாதம் எழுதிய பின் அதை வைத்துக் கடையிலும் தொழிற்சங்கத்திலும் பேசுவது. இதுதான் அவர்களின் திட்டம். ஆறு மாதத்துக்கு முன் இதை யார் கேட்டிருந்தாலும் கொட்டகை என்றே சொல்லியிருப்பார்கள், நான் அதை அழகாக எழுதிக் கொடுத்திருப்பேன். யாராவது கட்டியும் கொடுத்திருப்பார்கள். ஊருக்கு ஊர் பூட்டிக் கிடக்கும் மகளிர் கட்டடங்களில் எத்தனை இப்படிக் கேட்காமல் கட்டப்பட்டவையோ.

நிறுவனத்தின் பதில் மரியாதையாக இருந்தது. அடுத்த கட்ட நிதி உள்கட்டமைப்புக் கூறு உள்ள திட்டங்களுக்கானது, எங்கள் திட்டத்தில் அந்தக் கூறு இப்போது இல்லை. பொறியாளருக்கு ஒதுக்கிய 20,000 செலவாகாததால் திருப்பித் தர வேண்டும். அதில் ஒரு தராசு வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டேன். திட்டமிடல் நல்கையில் பொருள் வாங்கக் கூடாது.

இங்கேதான் என் விமர்சனம். திட்டமிடப் பணம் கொடுப்பவர், திட்டம் மாறலாம் என்பதற்கும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்ற முடிவும் திட்டமிடலின் விளைவுதான். தவறான கொட்டகை ஒன்று கட்டப்படாமல் போனது அறுபதாயிரத்தில் கிடைத்த லாபம், அதை எழுதப் படிவத்தில் கட்டமில்லை. கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்டத் தொகையில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். எதற்கென்று முடிவு செய்வது ஊரின் வேலை, அதற்குக் கிராம சபை, கருத்தரங்கு, பயிற்சி என்று காலமும் ஆளும் ஒதுக்கினார்கள். பெண்களுக்கான திட்டங்களுக்குக் குறைந்தது 10 விழுக்காடு என்று பிறகு வகுத்தார்கள். குறைகள் உண்டு, தையல் மெஷினும் ஆடும் வாங்கியே அந்தப் பத்தைத் தீர்த்த ஊராட்சிகளும் உண்டு. என்றாலும் யோசிப்பது செலவுள்ள வேலை என்று ஓர் அரசு ஒத்துக்கொண்டது. 1983இல் ஆம்ஸ்டர்டாமில் சில பெண்கள் தொடங்கிய மாமா கேஷ் போன்ற பெண்கள் நிதியங்கள், பெரிய கொடையாளர்கள் தொடாத சின்னக் குழுக்களைத் தேடிக் கொடுத்தன. ஃப்ரீடா என்ற இளம்பெண்ணிய நிதியத்தில் விண்ணப்பித்த குழுக்களே ஒன்றின் விண்ணப்பத்தை மற்றொன்று படித்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று வாக்களிக்கும் முறை இருக்கிறது. ஆற்றுப்படைக்கு மிக நெருங்கியது அதுதான் என்று எனக்குப் படுகிறது.

நல்கையே வேண்டாம், அது இயக்கத்தைக் கெடுக்கும் என்று சொல்லும் தோழிகள் இருக்கிறார்கள். பாதி ஒத்துக்கொள்கிறேன். அறுபதாயிரம் எங்கள் திண்ணையிலும் வேலையைக் காட்டியது. பயணப்படி யார் கையில் வாங்குவது என்று சண்டை வந்தது. பதினான்கு பேரில் இரண்டு பேர் வருவதை நிறுத்தினார்கள், ஒருத்தி இன்னமும் என்னோடு பேசுவதில்லை. கணக்கு நோட்டை நான் என் பையில் வைத்துக்கொண்டு போனதுதான் அவள் கோபம், அது நியாயமும்கூட. ஆனால் பணமே இல்லாத காலத்தில் யார் பேருந்துக்குக் காசு வைத்திருக்கிறாளோ அவள்தான் தலைவி. அதையும் பார்த்திருக்கிறேன்.

தராசை அவர்களே வாங்கினார்கள். பன்னிரண்டு பேரும் ஆளுக்கு முந்நூறு. கையில் இல்லாதவள் பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டாள், வாரக் கடைசியில் அப்படியே திருப்பிக் கொடுத்தாள். இதற்குப் பழைய தமிழில் ஒரு சொல் உண்டு, குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி அதே அளவு திருப்பிக் கொடுப்பது. இல்லாதவர்க்குக் கொடுப்பதே கொடை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை போன்றது என்று வள்ளுவர் ஈகை அதிகாரத்தைத் தொடங்குகிறார். கொஞ்சம் இளக்காரமாகத்தான். ஆனால் குமணனிடம் பரிசில் பெற்று வந்த பெருஞ்சித்திரனார், எல்லோருக்கும் கொடு என்று மனைவியிடம் சொல்லும் புறப்பாட்டில், அவளுக்குக் குறியெதிர்ப்பை தந்தவர்களையும் சேர்க்கிறார். அதாவது, புலவர் வள்ளலைத் தேடி மலை மலையாக அலைந்த காலமெல்லாம் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது அரிசி அளந்து கொடுத்த பெண்களால். அந்தப் பெண்களைப் பற்றி ஆற்றுப்படை இல்லை. அவர்களிடம் போக வழி கேட்க வேண்டியதில்லை, அடுத்த வீடு.

இறுதி அறிக்கையில் “திட்டத்திலிருந்து விலகல்கள், காரணம்” என்று ஒரு கட்டம் இருந்தது. இந்த முறை அனுப்பும் முன்பே உட்கார்ந்தோம். இலைக் கணக்கைச் சொன்னார்கள், எழுதினேன். கொட்டகை ஏன் வேண்டாம் என்று சொன்னார்கள், எழுதினேன். தராசு வாங்கியதை நானாகச் சேர்த்து வாசித்தேன்.

“அத எடு,” என்றாள் அத்தை. “அது நம்ம காசு.”

அடித்துவிட்டு அனுப்பினேன். இந்தக் கட்டுரையை எழுதும்போது அது உறுத்தியது, ஊருக்குப் போன் போட்டேன். தராசு விஷயத்தை ஒரு புத்தகத்தில் எழுதலாமா என்று கேட்டேன்.

“பண்டு குடுக்கவங்க படிக்கதா?”

“இல்ல அத்தை. பொம்பளப் பிள்ளைங்க படிக்கது.”

“அப்பம் எழுது.”